வீட்டுக்கு இரண்டாவது நாய் வரும்போது

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்க, இன்னொன்றும் வளர்க்கப் போகிறோம் என்று சேலத்தில் யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இது: “ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் அதுங்களே பழகிக்கும், விடுங்க.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சில வீடுகளில் அப்படி நடந்தும் இருக்கும். நடக்காத வீடுகளும் நிறைய. அங்கே ஒரு நாய் மொட்டை மாடியிலும் இன்னொன்று வாசலிலுமாக ஆயுள் முழுக்கப் பிரிந்து கிடக்கும். இல்லாவிட்டால் புதிதாக வந்தது இரண்டு மாதத்தில் வேறு வீட்டுக்குப் போயிருக்கும். முதல் சண்டையில் நாய் கற்றுக்கொள்வது சமாதானத்தை இல்லை. எதிரில் நிற்கிற நாய் ஆபத்தானது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அந்த எண்ணத்தோடுதான் பார்க்கும். அதனால் இரண்டு நாய்களைப் பழக்குவதைச் சில வாரம் நாம் முன்நின்று செய்து கொடுக்க வேண்டிய வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கஷ்டமான வேலை இல்லை, பொறுமை இருந்தால் போதும்.

பேச வசதியாக, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நாயை மணி என்றும் புதிதாக வருவதை ஜூலி என்றும் வைத்துக்கொள்வோம்.

மணிக்கு வீடு என்பது என்ன

நாய் உலகத்தைப் பெரும்பாலும் மூக்கால்தான் தெரிந்துகொள்கிறது. வாசல் கேட்டில் அது விட்ட மூத்திரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அது படுக்கிற குளிர்ந்த தரை, மாடிப்படிக்கு அடியில் உள்ள சாக்கு, உங்கள் செருப்பு, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் அதன் வாசனையும் உங்கள் வாசனையும் கலந்து கிடக்கிறது. மணிக்கு அதுதான் வீடு. அதில் மூன்று விஷயங்கள் மிக முக்கியம்: சோறு, படுக்கிற இடம், நீங்கள். ஜூலி வந்தால் ஒரே நாளில் இந்த மூன்றிலும் பங்கு கேட்கும். “உனக்குத் துணைக்குத்தான்டா கொண்டு வந்தேன்” என்பது நமக்குத் தெரியும், மணிக்குத் தெரியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கேட்டைத் தாண்டிப் போகிற தெருநாய்களைப் பார்த்து மணி தினமும் குரைக்கிறது. அவை போய்விடுகின்றன. அவை தம் வழியில்தான் போகின்றன, ஆனால் மணியின் கணக்கில் அது துரத்தியதால்தான் போயின. வருஷக்கணக்கில் இப்படி ஜெயித்து வந்த அதே கேட்டைத் திறந்து, நீங்களே ஒரு அந்நிய நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறீர்கள். மணி உறுமினால் அது பொறாமையும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. இத்தனை நாளும் நீங்கள் பாராட்டிய வேலையைத்தான் அது செய்கிறது.

“யார் தலைவன் என்று அதுங்களே முடிவு பண்ணட்டும்” என்கிற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்ததுதான் தலைவன் என்ற கருத்து, 1940களில் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். தலைவன் என்ற அந்தப் பழைய கருத்தைப் பரப்பியதில் தன் பங்கும் உண்டு என்று அவரே அதைத் திருத்தினார். எனவே மணியும் ஜூலியும் மோதித் தீர்மானிக்க வேண்டிய பதவி எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. சோறு எங்கே, எப்போது, யாருக்கு என்பதை நீங்கள் தீர்மானித்துவிட்டால், அவை மோதுவதற்கான காரணங்களில் பாதி போய்விடும்.

கொண்டுவருவதற்கு முன்னால்

மணி தனியாக இருந்தால் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, அதனால் இரண்டாவது நாய் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். இது பெரும்பாலும் பலிக்காது. அது ஏங்குவது உங்களுக்காக. இன்னொரு நாய் அந்த இடத்தை நிரப்பாது. சில நேரம் இரண்டும் சேர்ந்து ஊளையிடும். மணியின் பிரச்சினையை முதலில் தனியாகச் சரிசெய்துவிட்டு, அப்புறம் ஜூலியைப் பற்றி யோசிக்கலாம்.

மணிக்கு வயதாகி, இடுப்பு வலியோடு படி ஏறச் சிரமப்படுகிறது என்றால், நாள் முழுக்க மேலே விழுந்து கடிக்கிற குட்டி அதற்குத் தண்டனை. அந்த வயதில் நிதானமான, நான்கைந்து வயது நாய் ஒன்று பொருந்தலாம். அல்லது யாரும் வேண்டாம் என்று விட்டுவிடுவதுகூட மணிக்குச் செய்கிற நன்மைதான்.

ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் கடுமையான சண்டைகள் பெரும்பாலும் ஒரே பால் நாய்களுக்கு இடையில் நடக்கின்றன. அதிலும் இரண்டு பெண் நாய்கள் மோதினால் சரிசெய்வது கடினம். அதனால் மணி ஆண் என்றால் ஜூலி பெண்ணாக இருப்பது பொதுவாக நல்லது. ஆனால் அப்போது கருத்தடை அவசியம். பெண் நாய் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அது மூன்று வாரம் நீடிக்கும், சினையானால் 63 நாளில் குட்டி. அண்ணன் தங்கை என்றெல்லாம் நாய் பார்க்காது. ஆண் நாய்க்குக் கருத்தடை செய்த பிறகும் சில வாரம் அதனால் சினையாக்க முடியும் என்பதால், பிரித்து வைக்கும் காலத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியாக வாங்குகிறவர்கள் வயதைக் கவனியுங்கள். நம் பக்கம் 30 நாள் குட்டியைக் கொடுப்பது சாதாரணமாக இருக்கிறது. 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்பது 2017இல் வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதி. அதற்கு நல்ல காரணம் உண்டு. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் இல்லாமல் வருகிற குட்டிக்கு, மணி உறுமினால் விலக வேண்டும் என்பதுகூடத் தெரியாது.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. காது கேட்காத நாய்க்கு மற்ற நாயின் உறுமல் எட்டாது. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டாலும் திடுக்கிட்டுக் கடிக்கலாம். கொண்டுவரும் முன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஓடுகிற சின்ன உருவத்தைத் துரத்தப் பிறந்தவை. வீட்டில் சின்ன பொமரேனியன் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் நாள் பார்ப்பது. ராகுகாலத்தைச் சொல்லவில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியில் அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கை, மேளம், வெடி என்று ஊரே அதிரும். தீபாவளி வாரமும் அப்படித்தான். பழகிய நாயே கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாட்களில் புது நாயைக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் ஒருவராவது பத்து நாள் தொடர்ந்து இருக்க முடிகிற, சத்தம் குறைந்த சமயமாகப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம்: பார்க்காமலே பழகுவது

ஜூலி வந்த உடனே மணியிடம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இதற்கு முதல் காரணம் நோய். பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து, வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வெளிப்பட ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி நான்காம் நாள் சுருண்டுவிடும். எனவே 14 நாள் தனி இடம், தனித் தட்டு, தனித் துணி. ஜூலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மணியிடம் போங்கள். இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறும் பினாயிலை நம்பக் கூடாது. வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் சாகும். மண் தரையைச் சுத்தம் செய்ய வழியில்லை. எனவே முன்பு பார்வோ வந்து நாய் இறந்த வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டியை உடனே விடவே கூடாது.

தடுப்பூசிக் கணக்கு பொதுவாக இப்படி: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. வெறிநோய்க்கான ஊசி 3 மாதத்தில். குடற்புழு மருந்து தனி. மணியின் ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பலர் ஜூலிக்கு எல்லாம் போட்டுவிட்டு, மணிக்கு இரண்டு வருஷமாகப் போடவில்லை என்பதை மறந்திருப்பார்கள். உண்ணியையும் இந்த நாட்களிலேயே தீர்த்துவிட வேண்டும். பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சேலத்து வெயிலுக்கு அவை நன்றாகப் பெருகும். உண்ணிக் காய்ச்சல் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு அந்த வழியாகத்தான் போகிறது.

தனி அறைக்கு எங்கே போவது என்று அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டைப் பக்கத்துச் சின்ன வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொட்டை மாடியில் சிமென்ட் சீட் கொட்டகையில் விடலாமா என்றால், கோடையில் கூடாது. பகலில் அது அடுப்பு. ஊருக்குள்ளேயே நாய் இல்லாத உறவினர் வீட்டில் இரண்டு வாரம் விட்டுவைத்து, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்ல வழி.

இந்த இரண்டு வாரமும் வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். அறிமுகத்தில் பாதி இப்போதே நடக்கிறது. கதவிடுக்கு வழியாகவும் உங்கள் உடுப்பு வழியாகவும் ஜூலியின் வாசனை மணிக்கு வந்துகொண்டே இருக்கும். ஜூலிக்குக் காய்ச்சல், கழிச்சல் எதுவும் இல்லை, மணிக்குத் தடுப்பூசி சரியாக இருக்கிறது என்றால், இரண்டாவது வாரத்தில் ஒரு படி மேலே போகலாம். ஜூலி படுத்த பழைய துண்டை மணி சாப்பிடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மணியின் துணியை ஜூலியிடம் வையுங்கள். மோந்து பார்த்துவிட்டு மணி தன் பாட்டுக்குச் சாப்பிடப் போனால் நல்ல சேதி. துணி மேலேயே விறைத்து நின்று உறுமினால், துணியை இன்னும் தள்ளி வைத்து, அதற்குப் பிடித்த முட்டையோ கோழிக்கறித் துண்டோ அந்த நேரத்தில் கொடுங்கள். இந்த வாசனை வந்தால் நல்லது நடக்கும் என்று அதன் மனதில் பதிய வேண்டும். முழுப் பழக்கத்துக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்.

நேருக்கு நேர் வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில்

முதல் சந்திப்பு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது, கேட்டிலும் கூடாது. மணி சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும்போது கூடவே கூடாது. கட்டிப் போட்ட நாய்க்கு விலகிப் போகிற வழி அடைபட்டிருக்கிறது. பயந்த நாய்க்கு ஓட வழி இல்லையென்றால் கடிதான் மிச்சம். கம்பி கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிறுத்துவதும் அதே மாதிரி தவறு. நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் இரண்டும் கொதித்துப் போகும்.

இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் பூங்காவுக்குப் போகச் சொல்வார்கள். இங்கே எந்தக் காலி மனைக்குப் போனாலும் அங்கே நான்கு தெருநாய்கள் சொந்தம் கொண்டாடும். அவை சூழ்ந்துகொண்டால் நம் இரண்டும் பயத்தில் ஒன்றையொன்று கடிக்கும். மதில் சுவர் உள்ள இடமாகத் தேடுங்கள். தெரிந்தவர்களின் சுற்றுச்சுவர் கட்டிய மனை, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம், கேட்டுக்கொண்டால் விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கோடையில் ஒன்பது மணிக்கே தரை சுட ஆரம்பித்துவிடும். தடுப்பூசி முடியாத குட்டியை மட்டும் இப்படி மண்ணில் இறக்க வேண்டாம். அதற்கு நாய் நடமாட்டமே இல்லாத, கைப்பிடிச் சுவர் உள்ள பக்கத்து வீட்டு மொட்டை மாடி பொருந்தும்.

ஆளுக்கு ஒரு நாய். சங்கிலி வேண்டாம், ஆறடி கயிறு போதும். கழுத்துப் பட்டையைவிட மார்பில் மாட்டும் பட்டை நல்லது, இழுத்தால் கழுத்து இறுகாது. எவ்வளவு தூரத்தில் தொடங்குவது என்பதை நாயே சொல்லும். ஜூலியைப் பார்த்த பிறகும் உங்கள் கையிலிருந்து மணி பிஸ்கட்டை வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. பிடித்த தீனியைக்கூடக் கவனிக்காமல் வெறித்துப் பார்த்தால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். அந்தத் தூரத்தில் இரண்டு பேரும் ஒரே திசையில் நடக்கத் தொடங்குங்கள்.

ஏற்காடு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த இரண்டு அந்நியர்கள் வெளியே பார்த்துக்கொண்டே வந்து, அடிவாரம் தாண்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதே இருவரை எதிரெதிரே உட்காரவைத்துக் கண்ணைப் பார்க்கச் சொன்னால் சங்கடம்தான். நாய்க்கு நேருக்கு நேர் பார்வை சங்கடத்தோடு நிற்காது, அது சவால். ஒரே பக்கம் நடக்கும்போது பார்வை முன்னால் இருக்கிறது, வாசனை மட்டும் பக்கவாட்டில் வருகிறது. நடக்க நடக்க இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நடுவில் இடம் மாறி, ஜூலி மூத்திரம் விட்ட இடத்தை மணி மோந்து பார்க்க விடுங்கள். ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே அதற்குத் தெரிந்துவிடும்.

கயிறு எப்போதும் தளர்ந்து தொங்க வேண்டும். நம் கை பயத்தில் இறுகினால் அந்த இழுப்பு நாய்க்கு உடனே போய்ச் சேரும். எதிரில் ஏதோ அபாயம் இருக்கிறது என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இரண்டும் உடல் தளர்ந்து நடந்தால், அரைவட்டமாக நெருங்கிப் பின்பக்கத்தை மோந்துகொள்ள விடலாம். மூன்று விநாடி. அப்புறம் இரண்டு பேரும் உற்சாகமாகக் கூப்பிட்டு விலகி நடங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அன்றைக்கு அது போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்துவதுதான் சரி.

உடம்பு சொல்வதைக் கேட்பது

“வாலை ஆட்டுது, பயமில்லை” என்று நம்பிவிடக் கூடாது. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடுகிற வால் வேறு, நட்டுக்குத்தலாக உயர்ந்து வெடவெடவென்று சின்னதாக ஆடுகிற வால் வேறு. இரண்டாவது எச்சரிக்கை. உடம்பு விறைப்பது, மூச்சு விடாத மாதிரி உறைந்து நிற்பது, வாயை இறுக மூடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவை கடிக்கு முந்திய அடையாளங்கள். உறைந்து நிற்பதை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள், அடுத்த விநாடி பாய்ச்சலாக இருக்கலாம். முதுகு மயிர் சிலிர்ப்பது படபடப்பைக் காட்டும், அது மட்டுமே கோபம் ஆகாது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்புவது எல்லாம் “எனக்குச் சிரமமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ” என்பதற்கு நாய் மொழி.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். உறுமல் என்பது கடிப்பதற்குப் பதிலாக நாய் கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் அது சொல்லாமல் கடிக்கும். உறுமினால் இரண்டையும் அமைதியாக விலக்கி, எதற்கு உறுமியது என்று பாருங்கள்.

தறி ஓடுகிற வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மணி அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தது, ஜூலிக்கு அது புதுப் பயம். அதைவிட முக்கியம், தறிச் சத்தத்தில் உறுமல் உங்கள் காதில் விழாது. அங்கே முழுக்க முழுக்கக் கண்ணால்தான் கவனிக்க வேண்டும். முதல் சில வாரம், தறி நின்றிருக்கும் நேரத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து விடுங்கள்.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவது புதியவர்களுக்குக் கடினம். விளையாட்டில் முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி ஒன்றையொன்று அழைக்கும். துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கும். நடுநடுவே நின்று உடம்பை உதறிக்கொள்ளும். பெரியது வேண்டுமென்றே கீழே விழுந்து கொடுக்கும். சந்தேகமாக இருந்தால் துரத்துகிற நாயைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றது திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் விளையாட்டு. விட்டால் போதும் என்று ஓடி ஒளிந்தால் அது துன்பப்பட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்

சில நடைகளுக்குப் பிறகு, நடை முடிந்து சோர்ந்த நிலையில், இரண்டையும் ஒன்றாக உள்ளே கூட்டி வாருங்கள். அதற்கு முன் வீட்டிலிருந்து பந்து, எலும்பு, சாப்பாட்டுத் தட்டு, மணியின் சாக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கயிறு பட்டையிலேயே இருந்து தரையில் இழுபடட்டும், தேவைப்பட்டால் பிடித்து விலக்கலாம். முதலில் ஒரு கால் மணி நேரம், அப்புறம் தனித்தனி இடம். மாடிப்படி முனை, குறுகிய நடை, சமையலறை வாசல் ஆகிய மூன்று இடங்களில்தான் மோதல் தொடங்கும். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நெருக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு எப்போதும் தனித்தனி அறையில், கதவு சாத்தி. ஒன்று தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும், காலித் தட்டுக்கும் சண்டை வரும். ஞாயிற்றுக்கிழமைக் கறி எலும்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்து எலும்பை வாசலில் வீசுவது நம் பழக்கம். இரண்டு நாய் உள்ள வீட்டில் இதைவிட எளிதாகச் சண்டையை மூட்டும் வழி இல்லை. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் ஒரு நாய் இருந்தாலும் அது வேண்டாம்தான்.

சாப்பாட்டுக்கு அடுத்து சண்டைக்குக் காரணமாவது நீங்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கிற அந்த நேரம், இரண்டும் உற்சாகத்தில் குதித்து உங்களிடம் முந்தப் பார்க்கும். அந்த வேகமே சட்டென்று கடியாக மாறும். வந்தவுடன் கொஞ்சாமல், பேசாமல் உள்ளே போய், இரண்டும் தணிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மணியின் பழைய வழக்கங்களை மாற்றாதீர்கள். காலை நடை, மடியில் தலை வைத்துப் படுக்கும் நேரம், தனியாக உங்களோடு இருக்கிற பத்து நிமிடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். குட்டி அழகாக இருக்கிறது என்று வீடே அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற முதல் மாதத்தில்தான் மணிக்கு அவை மிக அதிகம் தேவை.

குட்டி மணியைத் தொந்தரவு செய்தால் அதைத் தடுக்கிற பொறுப்பும் உங்களுடையது. வளர்ந்த நாய்கள் சின்னக் குட்டிகளைப் பொறுத்துப்போகும். நான்கைந்து மாதம் ஆனதும் அந்தச் சலுகை குறையும். ஒரு உறுமல், காற்றில் ஒரு கடி, குட்டி விலகிவிட்டது என்றால் அது நியாயமான கண்டிப்பு, தலையிட வேண்டாம். குட்டி விலகத் தெரியாமல் திரும்பத் திரும்ப ஏறினால், நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். மணி மட்டும் போகக்கூடிய, ஜூலி ஏற முடியாத இடம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பழைய பலகையைக் குறுக்கே வைத்தாலும் போதும்.

சண்டை மூண்டால்

நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப் பட்டையைப் பிடிக்கவும் போகாதீர்கள். அந்த வேகத்தில் யார் கை என்று நாய்க்குத் தெரியாது. வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், தட்டைத் தரையில் அடித்துச் சத்தம் எழுப்புங்கள், கனமான ஜமக்காளத்தை மேலே போடுங்கள், பலகையை நடுவில் செருகுங்கள். பிரிந்ததும் தனித்தனி அறை. “சரி, சமாதானம் பண்ணி வைப்போம்” என்று அன்றே மறுபடியும் சேர்க்காதீர்கள். சில நாள் கழித்து, மறுபடியும் தூரத்து நடையிலிருந்து தொடங்குங்கள்.

உங்களைக் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்.

கேட்டில் வளர்ந்த தெருநாயும் ஏற்காட்டுத் தோட்டமும்

நம் ஊரில் இரண்டாவது நாய் பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை. நீங்கள் சோறு வைத்து வளர்த்த தெருநாய் ஒரு மழைநாளில் உள்ளே வந்துவிடும். மிக நல்ல விஷயம். அதற்கும் மருத்துவரும் 14 நாளும் உண்டு. வெளியே மணியோடு விளையாடிய நாய் உள்ளே வந்ததும் மணியின் எதிரி ஆகலாம், ஏனென்றால் வெளியே பங்கு போட எதுவும் இல்லை. மாறாக, இத்தனை நாள் கேட்டுக்கு அப்பால் நின்று குரைத்துக்கொண்ட நாய் என்றால் பழைய பகையைக் கரைக்கவும் நேரம் சேர்த்து வையுங்கள்.

மலையில் நிலைமை வேறு. காப்பித் தோட்ட வீடுகளில் இடம் தாராளம், நாய்களுக்கு விலகிப் போக வழி இருக்கிறது. அதனால் சண்டை குறைவாகத்தான் தெரியும். ஆனால் புது நாயை முதல் நாளே அவிழ்த்துவிட்டால் பயந்து ஓடி, செடிகளுக்குள் வழி தெரியாமல் தொலையும், காட்டெருமை எதிர்ப்பட்டால் பெரிய ஆபத்து. பல வாரம் கயிற்றிலேயே சுற்றிக் காட்டுங்கள். சேலத்திலிருந்து நாயை மேலே கொண்டுபோகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைவில் வையுங்கள். வெறும் வயிற்றில் கூட்டிப் போனாலும் பல நாய்கள் வாந்தி எடுக்கும். தலை சுற்றி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்குகிற நாயை அந்த நிமிடமே தோட்டத்து நாயிடம் நிறுத்துவது இரண்டுக்குமே அநியாயம். முதல் நாள் ஓய்வு.

எவ்வளவு நாள் ஆகும்

சில ஜோடிகளுக்கு ஒரு வாரம், பலருக்கு ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். ஒரே பாயில் கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒரே கூடத்தில் படுத்திருந்தாலே வெற்றிதான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து விடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பல வாரம் ஒரு உறுமல்கூட இல்லாமல் போன பிறகு, முதலில் கடைக்குப் போய் வருகிற பத்து நிமிடம், அப்புறம் அரை மணி என்று கூட்டுங்கள். அளவில் பெரிய வித்தியாசம் இருந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் ஆள் இல்லாதபோது தனித்தனிதான்.

எல்லாம் செய்தும், மணி சாப்பிடாமல் ஒடுங்கியே கிடக்கிறது, அல்லது ரத்தம் வருகிற அளவு சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முதலில் கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலி, தைராய்டு கோளாறு போன்றவை நாயைச் சிடுசிடுப்பாக்கும், வலி தீர்ந்ததும் சண்டையும் நிற்கலாம். உடம்பில் கோளாறு இல்லை, அப்படியும் சேரவில்லை என்றால், ஜூலிக்கு நாய் இல்லாத ஒரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பது தவறில்லை. இதை எதிர்பார்த்து, ஜூலியைக் கொடுக்கிறவரிடம் வாங்கும்போதே பேசிவையுங்கள்: ஒத்துவரவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாள் வரை? சரி என்று சொல்கிறவரிடமிருந்தே வாங்குங்கள்.